டோக்கியோ கண்காட்சிக்குப் புறப்படும் பட்டறைக்காரருக்கு

வாசகர் கேள்வி: கோவை கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்து, பம்ப் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து வருகிறேன். வயது 52. அக்டோபர் கடைசியில் டோக்கியோவில் நடக்கும் இயந்திரக் கருவிக் கண்காட்சிக்குப் போய், ஐந்து அச்சு மெஷினிங் சென்டர் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டிச் செதுக்கும் இயந்திரம்) ஒன்றை நேரில் பார்த்து முடிவு செய்ய ஆசை. இதுவரை வெளிநாடு போனதில்லை. ஜப்பானிய மொழி தெரியாது; ஆங்கிலமும் அளவாகத்தான் வரும். துணைக்கு டிப்ளமோ முடித்த அண்ணன் மகன் வருகிறான். நான் முட்டைகூடத் தொடாத சைவம். சர்க்கரைக்கு மாத்திரையும் இரவில் இன்சுலினும் உண்டு. "எட்டு நாளு அங்க போயி என்னத்தத் தின்னுட்டு இருப்பீங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள். குழுப் பயணத்தில் சேர்வதா, நாங்களே போவதா? எங்கே தங்குவது, எவ்வளவு பணம் கொண்டு போவது, மருந்தை எப்படி எடுத்துச் செல்வது என்று விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும், எங்கே தங்குவது என்ற ஒன்றுக்குச் சரியான விடை கிடைத்துவிட்டால் மற்றவற்றில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும். கோவையிலிருந்து தொழில் நிமித்தம் வெளிநாடு செல்வோருக்குப் பயண ஏற்பாடு செய்து தருபவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். டோக்கியோவில் வாடகை குறைவு என்பதற்காக ஊருக்கு வெளியே அறை எடுப்பவர்கள், காலையில் ஒன்றரை மணி நேரமும் மாலையில் ஒன்றரை மணி நேரமும் ரயிலில் நின்றுகொண்டே கழித்துவிட்டு, கண்காட்சி அரங்குக்குள் நுழையும்போதே களைத்துப் போகிறார்கள். விடுதியை வாடகையைப் பார்த்து அல்ல, ரயில் பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்கு முன் குழுப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்காட்சிக் காலத்தில் ஏற்பாடு செய்யப்படும் குழுப் பயணங்கள் பலவற்றில் ஃபூஜி மலை, நகர்வலம், கடைவீதி என்று நாட்கள் பங்கிடப்பட்டு, கண்காட்சிக்கு ஒரு நாளோ ஒன்றரை நாளோதான் மிஞ்சுகிறது. இந்தியச் சாப்பாட்டுக்கு அவர்களே ஏற்பாடு செய்துவிடுவார்கள் என்பது உண்மையான வசதிதான். ஆனால் நீங்கள் வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து ஓர் இயந்திரத்தில் போடப் போகிறவர். ஒரே இயந்திரத்தை முதல் நாள் பார்த்து, இரவு யோசித்து, மறுநாள் வேறு கேள்விகளோடு அதே அரங்குக்குத் திரும்பிப் போகும் வாய்ப்பு உங்களுக்கு வேண்டும். துணைக்கு இளைஞன் ஒருவனும் இருப்பதால், நீங்கள் இருவரும் தனியாகப் போவதே நல்லது என்பது என் முடிவு. கண்காட்சிக்கு நான்கு முழு நாட்களை ஒதுக்குங்கள்.

இனி தங்குமிடம். ஜிம்டாஃப் என்று அழைக்கப்படும் அந்தக் கண்காட்சி, டோக்கியோ விரிகுடாவைத் தூர்த்து உருவாக்கிய அரியாக்கே பகுதியில் உள்ள டோக்கியோ பிக் சைட் என்ற பெரிய அரங்கத் தொகுதியில் நடக்கிறது. அரங்கை ஒட்டிய விடுதிகள் கண்காட்சி வாரத்துக்கு வெகு முன்பே நிரம்பிவிடும். கிடைத்தாலும் அந்த வாரத்தில் வாடகை ஏறிவிடும். நான் பரிந்துரைப்பது ஷிம்பாஷி. ஷிம்பாஷியிலிருந்து யுரிகாமோமே என்னும் ஓட்டுநர் இல்லாத ரயில் நேராக டோக்கியோ பிக் சைட் நிலையத்துக்குப் போகிறது. ஏறத்தாழ 22 நிமிடப் பயணம், நடுவில் எங்கும் மாற வேண்டியதில்லை. அது ஷிம்பாஷியிலேயே புறப்படும் ரயில் என்பதால், ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினால் உட்கார இடமும் கிடைக்கலாம். அதே ஷிம்பாஷியில் நிற்கும் அசகுசா என்ற சுரங்க ரயில் பாதையின் வண்டிகளில் சில, ஒரு பக்கம் நரிட்டா விமான நிலையத்துக்கும் மறு பக்கம் ஹனேடா விமான நிலையத்துக்கும் நேரடியாகவே ஓடுகின்றன. நரிட்டாவிலிருந்து சுமார் ஒன்றேகால் மணி நேரம், ஹனேடாவிலிருந்து அரை மணி நேரம். எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் பெட்டியோடு நடுவில் ரயில் மாறாமல் விடுதிக்குப் போய்ச் சேரலாம் என்பது, முதன்முறை போகிறவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் போய் இறங்கிய அன்று உணர்வீர்கள்.

ஷிம்பாஷிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஜப்பானின் முதல் ரயில் பாதை 1872ஆம் ஆண்டு ஷிம்பாஷிக்கும் யோக்கோஹாமாவுக்கும் இடையேதான் திறக்கப்பட்டது. அதன் நினைவாக நிலையத்தின் முன் சதுக்கத்தில் ஒரு பழைய நீராவி எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீங்களும் அண்ணன் மகனும் கூட்டத்தில் பிரிந்து, கைபேசியும் அணைந்துவிட்டால், அந்த எஞ்சின் அடியில் சந்திப்பது என்று ஊரிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அறையை முன்பதிவு செய்யும்போது கட்டில் வகையைக் கவனமாகப் பாருங்கள். இரண்டு பேர் என்று போட்டுத் தேடினால் மலிவாக வருவது பெரும்பாலும் செமி டபுள் அறையாக இருக்கும். அதில் ஒரே கட்டில், அகலம் 120 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். இரண்டு பெரியவர்கள் எட்டு இரவு அதில் தூங்க முடியாது. ட்வின் என்று எழுதியிருக்கும், தனித்தனியாக இரண்டு கட்டில் போட்ட அறையையே எடுங்கள். புகைபிடிக்காத அறையா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த அறையும் நம் ஊர் விடுதி அறையில் பாதி அளவுதான் இருக்கும் என்பதால், ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டிக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. வீட்டில் கேட்டது நியாயமான கேள்வி. ஜப்பானியச் சமையலின் அடிப்படையே தாஷி என்னும் சாறு. அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனிலிருந்து எடுக்கப்படுகிறது. காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பிலும், நூடுல்ஸ் குழம்பிலும், வேகவைத்த காய்களிலும், பஜ்ஜி போன்ற டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் நீரிலும்கூட அது இருக்கும். கறி வேண்டாம் என்று சொன்னால், கடைக்காரர் கறித் துண்டுகளை நல்ல மனதோடு எடுத்துவிட்டு, மீன் சாற்றோடு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பார். அவர் உங்களை ஏமாற்றவில்லை. அவர்கள் கணக்கில் அது சைவமாகவே தெரியும். ஆகவே வாயால் சொல்வதை விட எழுதிக் காட்டுவதே வழி. இறைச்சி, மீன், சிப்பி, இறால், முட்டை, மீன் சாறு ஆகிய எதுவும் கூடாது, பாலும் தயிரும் ஆகும் என்பதைத் தெளிவான ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசி மொழிபெயர்ப்பை மட்டும் நம்ப வேண்டாம். கோவையில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் வகுப்புகள் இருக்கின்றன, அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் எழுதி வாங்குவது பாதுகாப்பு. அட்டையைக் காட்டியதும் கடைக்காரர் கையைக் குறுக்காக வைத்து முடியாது என்று சைகை காட்டினால் வருத்தப்படாமல் வெளியே வந்துவிடுங்கள். தவறானதைக் கொடுத்துவிடக் கூடாதே என்ற அக்கறைதான் அது.

நம் சாப்பாட்டுக்கு இரண்டு மூன்று இடங்கள் உண்டு. டோக்கியோவின் கிழக்கே எடோகாவா வட்டத்தில் உள்ள நிஷி கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. இந்திய மளிகைக் கடைகளும் தோசை, இட்லி கிடைக்கும் உணவகங்களும் அங்கே உள்ளன. ஷிம்பாஷியிலிருந்து அசகுசா பாதையில் நிஹோம்பாஷிக்குப் போய், அங்கே டோசாய் பாதைக்கு மாறினால் கால் மணி நேரத்தில் நிஷி கசாய். நகைக்கல் மொத்த வணிகம் நடக்கும் ஒக்காச்சிமாச்சியில், அத்தொழிலில் உள்ள இந்தியச் சமணர்களும் இருப்பதால், அந்தப் பக்கத்திலும் சைவ உணவு கிடைக்கும். அப்படியானால் நிஷி கசாயிலேயே தங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பேன். டோசாய் பாதை டோக்கியோவிலேயே மிக நெரிசலான பாதைகளுள் ஒன்று. காலை ஏழரை முதல் ஒன்பது மணி வரை நகருக்குள் போகும் வண்டிகளில் கையை அசைக்கவும் இடமிருக்காது. மாலையில் ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கே போய்ச் சாப்பிட்டு வருவதுதான் சரியாக வரும், அதுவும் அலுவலகம் விடும் கூட்டம் குறைந்த பிறகு.

மதிய உணவுக்குக் கண்காட்சி அரங்கை நம்ப வேண்டாம். அங்குள்ள உணவகங்களில் சைவம் கிடைப்பது அரிது, வரிசையும் நீளம். தெருவுக்குத் தெரு இருக்கும் இருபத்துநான்கு மணி நேரக் கடைகளில் வெறும் சோறு பாக்கெட்டாகக் கிடைக்கும். அங்கேயே மைக்ரோவேவில் சூடு செய்தும் தருவார்கள். ஊரிலிருந்து பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் சிறு புட்டியில் நல்லெண்ணெயும் கொண்டு போனால், அந்தச் சோற்றோடு மதியம் கழிந்துவிடும். சர்க்கரை சேர்க்காத தயிரும் வாழைப்பழமும் அதே கடையில் உண்டு. பழக்கலவைத் தயிர்களில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்த்திருக்கலாம் என்பதால் அவற்றைத் தவிருங்கள். சோற்று உருண்டைகளை இலை சுற்றி வைத்திருப்பார்கள்; பார்க்கச் சைவமாகத் தெரிந்தாலும் உள்ளே மீனோ மீன் சாறோ இருக்கும் வாய்ப்பு அதிகம்.

எதைக் கொண்டு போகலாம், எதைக் கூடாது என்பதில் ஜப்பானியச் சுங்கமும் தாவர, விலங்குத் தடுப்புப் பிரிவுகளும் மிகக் கண்டிப்பானவை. வறுத்து அரைத்து, கடையில் முத்திரையிட்ட பொடி வகைகளால் சிக்கல் வராது. ஆனால் அரிசிம்பருப்புச் சாதத்துக்கென்று அரிசியையும் பருப்பையும் வீட்டில் கலந்து பொட்டலமாகக் கட்டித் தருவார்கள், அது வேண்டாம். பச்சரிசி, பயறு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பழம் எல்லாமே தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போக முடியாதவை. அண்ணன் மகன் அசைவம் சாப்பிடுபவராக இருந்தால் அவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்: உப்புக்கண்டம் உட்பட எந்த இறைச்சிப் பண்டமும், ஒரு துண்டுகூட, பெட்டியில் இருக்கக் கூடாது. சட்டத்தை மீறிக் கொண்டுவருவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ 30 லட்சம் யென் வரை அபராதமோ விதிக்க அங்கே இடமுண்டு. விமான நிலையத்தில் மோப்ப நாய்களை வைத்துப் பெட்டிகளைப் பார்க்கிறார்கள்.

ரைஸ் குக்கரோ கெட்டிலோ கொண்டு போகலாமா என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் ஹீட்டரை அங்கே மாட்டினால் அதன் திறனில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. தண்ணீர் வெதுவெதுப்பாகுமே தவிரக் கொதிக்காது. விடுதி அறைகளில் பெரும்பாலும் கெட்டில் இருக்கும், அது போதும். கைபேசி சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை என்பதால், இரண்டு தட்டை முள் கொண்ட அடாப்டர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸும் ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸும் ஓடுவது உங்களைப் போன்ற தொழில்காரருக்கு வியப்பாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதன் விளைவு இன்றுவரை அப்படியே நிற்கிறது. தொழிற்சாலை இயந்திரங்களும் அங்கே 200 வோல்ட் மும்முனையில் ஓடுபவை. பழைய இயந்திரம் எதையாவது விலை பேசினால், நம் 415 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

உங்கள் உடல்நிலை பற்றி எனக்குக் கூடுதல் அக்கறை உண்டு, ஏனெனில் பயணத்தில் சிரமப்படுபவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் கால்தான் காரணமாக இருக்கிறது. கண்காட்சியும் ரயில் நிலையப் படிகளும் சேர்ந்து நாளொன்றுக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் அடி நடக்க வேண்டியிருக்கும். அரங்கத் தளம் முழுவதும் கான்கிரீட். சர்க்கரை உள்ளவருக்குப் புதுச் செருப்பு கடித்த கொப்புளம் சின்ன விஷயமல்ல என்பதை நீங்களே அறிவீர்கள். ஆகவே போகும்போது போடப்போகும் ஷூவை இப்போதே வாங்கி, தினமும் காலையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையிலோ உங்கள் பகுதி மைதானத்திலோ போட்டு நடந்து பழக்குங்கள். முதல் வாரம் அரை மணி, பிறகு ஒரு மணி, புறப்படுவதற்கு முன் இரண்டு மணி நேரம் வரை தொடர்ந்து நடக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கயிறு கட்டாமல் கழற்றி மாட்டக்கூடிய ஷூவாக இருப்பது நல்லது, ஏனெனில் சில உணவகங்களிலும் பட்டறை அலுவலகங்களிலும் வாசலில் கழற்ற வேண்டியிருக்கும். பருத்தி சாக்ஸ் நாளுக்கு இரண்டு ஜோடி வையுங்கள், மதியம் மாற்றிக்கொள்ளலாம். இரவில் அறைக்கு வந்ததும் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்கும் வேலையை அண்ணன் மகனிடம் ஒப்படைத்துவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

மருந்தைப் பொறுத்தவரை, சொந்தப் பயன்பாட்டுக்கான மருத்துவர் பரிந்துரைத்த மருந்துகளும், தானே போட்டுக்கொள்ளும் இன்சுலின் பேனாவும் ஒரு மாத அளவுக்குள் இருந்தால் ஜப்பானுக்குத் தனி அனுமதி தேவையில்லை. உங்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் நம் ஊர் வணிகப் பெயரை மட்டும் எழுதாமல், மருந்தின் மூலப்பெயரும் அளவும் இருக்கட்டும். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள், அங்கே குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். கைப்பையில்தான் இருக்க வேண்டும். சளிக்கென்று நாம் சாதாரணமாக வாங்கும் மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறது. அது பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்து ஜப்பானில் தடை செய்யப்பட்டது. ஆகவே சளி மாத்திரைகளை உள்ளடக்கம் பார்க்காமல் எடுத்துச் செல்ல வேண்டாம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. இங்கே இரவு ஒன்பது மணிக்குப் போடும் ஊசியின் நேரம் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை ஆகிவிடும். முதல் இரவும் திரும்பி வந்த இரவும் எந்த நேரத்தில், எந்த அளவில் போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். சர்க்கரை திடீரென இறங்கினால் தெருவில் உள்ள தானியங்கிப் பெட்டியில் ஏதாவது வாங்கிக் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அவற்றில் உள்ள தேநீர்களில் பல சர்க்கரையே சேர்க்காதவை. குளுக்கோஸ் பொட்டலம் இருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.

மருத்துவக் காப்பீடு எடுக்காமல் புறப்படக் கூடாது என்பது என் கண்டிப்பான வேண்டுகோள். எடுக்கும்போது சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோயால் வரும் அவசரத்துக்கும் பொருந்தும் திட்டமா என்று படித்துப் பாருங்கள். ஆம்புலன்சுக்கு 119, காவலுக்கு 110.

ரயிலில் போக, முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்துக்கொள்ளும் சுயிகா அல்லது பாஸ்மோ அட்டை வாங்கிவிடுங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கென 28 நாள் செல்லுபடியாகும் வெல்கம் சுயிகா விமான நிலையத்திலேயே கிடைக்கிறது. ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையை இருவர் மாற்றி மாற்றித் தொட முடியாது. பணத்தை ரொக்கமாகப் போட்டு ஏற்றி, நுழையும்போது ஒருமுறை, வெளியேறும்போது ஒருமுறை வாயிலில் தொட்டால் கட்டணம் கழிந்துவிடும். நிலையப் பெயர்களை நினைவில் வைக்க முடியாதே என்று கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான நிலையங்களுக்கு ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு: ஷிம்பாஷி அசகுசா பாதையில் ஏ 10, டோக்கியோ பிக் சைட் யு 11, நிஷி கசாய் டி 16. டிராயிங் எண் பார்த்து ஜாப் எடுப்பவருக்கு இது ஒரு நாளில் பழகிவிடும். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். நாடு முழுவதும் செல்லும் ரயில் பாஸை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது, டோக்கியோவுக்குள்ளேயே சுற்றும் உங்களுக்கு அதனால் பயனில்லை. டாக்சியில் ஏறினால் பின் கதவு தானாகத் திறந்து மூடும், நீங்கள் இழுக்க வேண்டாம். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது, முகவரி எல்லாம் வட்டம், பிளாக் எண் என்றே போகும். ஆகவே ஜப்பானிய எழுத்தில் முகவரி அச்சிட்ட விடுதியின் அட்டையை முதல் நாளே வாங்கி, இருவரும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டுப் போவது நம் வழக்கம். ஜப்பானில் வெளிநாட்டுப் பயணி அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

பணம்: அறையும் விமானமும் போக, உணவுக்கும் ரயிலுக்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 5,000 முதல் 6,000 யென் வைத்துக்கொண்டால் தாராளமாகப் போதும். இருவருக்கும் சேர்த்து 50,000 யென் அளவுக்கு நோட்டாகவும், மீதியை வங்கியில் வாங்கும், வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் அட்டையிலும் வையுங்கள். செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைகள் வேலை செய்யும். இங்கே கைபேசியில் ஸ்கேன் செய்து பணம் கொடுக்கும் பழக்கத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். கடையில் பணத்தைக் கையில் கொடுக்காமல், கல்லாவின் முன் உள்ள சிறு தட்டில் வைப்பது அங்குள்ள முறை. மீதியும் அதிலேயே வரும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. வங்கி ஓடிபிக்காக உங்கள் இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்து, இணையத்துக்கு மட்டும் தனியாக ஒரு பயண இசிம் (அட்டை செருகாமலே கைபேசியில் பதியும் சிம்) போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் போகும் காரியம். ஜப்பானிய இயந்திர உற்பத்தியாளர்கள் பலருக்கு இந்தியாவில் கிளைகளும் முகவர்களும் உண்டு. நீங்கள் பார்க்க விரும்பும் மூன்று நான்கு நிறுவனங்களின் இந்தியக் கிளைக்கு இப்போதே எழுதி, கண்காட்சியில் எந்த நாள், எத்தனை மணிக்கு யாரைச் சந்திப்பது என்று நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். மொழிக் கவலையும் இதனால் பெருமளவு தீரும், ஏனெனில் இந்தியாவிலிருந்து வரும் பொறியாளர் ஒருவரை அந்த நேரத்தில் அரங்கில் இருக்கச் சொல்லிக் கேட்கலாம். முகவரி அட்டை நூற்றைம்பதாவது அச்சடியுங்கள், பின்பக்கம் ஜப்பானிய எழுத்தில் இருக்கட்டும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரண்டு கையாலும் செய்து, வாங்கியதை உடனே பையில் திணிக்காமல் மேசைமேல் வைத்துப் பேசுங்கள். மாதிரி ஜாப் ஒன்றை எடுத்துச் சென்று, இதை எத்தனை நிமிடத்தில் முடிக்கும் என்று கேட்பது நூறு விளம்பரத் தாளைப் படிப்பதைவிட மேல். ஆனால் வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் அவர் டிராயிங்கைக் காட்டிவிடாதீர்கள். அந்த இரும்புத் துண்டைக் கைப்பையில் வைத்தால் கோவை விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையிலேயே நிறுத்திவிடலாம், பெட்டியில் போடுங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். டோக்கியோவின் தெற்கே ஓட்டா என்ற வட்டத்தில், நம் கணபதியைப் போலவே வீட்டுக்குக் கீழே பட்டறை, பட்டறைக்கு அடுத்து இன்னொரு பட்டறை என்று சிறு இயந்திரப் பட்டறைகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒருவர் கடைந்து கொடுக்க, அடுத்தவர் துளையிட, மூன்றாமவர் மெருகிட என்று வேலையைக் கைமாற்றி முடிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. 1980களின் தொடக்கத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேல் இருந்த பட்டறைகள் இன்று பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன. நடத்துபவர்களுக்கு வயதாகி, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனது அதற்கு ஒரு பெரிய காரணம். ஐந்து ஆறு பேரோடு, உலகம் முழுவதும் தேடி வரும் நுணுக்கத்தில் வேலை செய்யும் அந்தப் பட்டறைகளைப் பார்ப்பது, நீங்கள் வாங்கப்போகும் இயந்திரத்தைப் பற்றிய உங்கள் முடிவையே மாற்றக்கூடும். நேரம் வாங்காமல் வாசலில் போய் நிற்கும் வழக்கம் அங்கே இல்லை. இயந்திர நிறுவனத்தின் இந்தியக் கிளையிடமே, ஓட்டாவில் அந்த நிறுவனத்தின் இயந்திரத்தை ஓட்டும் ஒரு சிறு பட்டறையைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். வட்டத்தின் தொழில் மையமான பியோ, கெய்க்யூ கமாட்டா நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. அது ஷிம்பாஷியிலிருந்து ஹனேடா போகும் அதே வழியில் வருவது.

நிலநடுக்கம் பற்றி வீட்டில் பயப்படுவார்கள். கைபேசி திடீரென அலறினால் வெளியே ஓட வேண்டாம், மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொள்ளுங்கள், லிஃப்ட்டில் ஏறாதீர்கள். குளிருக்கு, அக்டோபர் கடைசியில் காலையில் 12, 13 டிகிரியும் பகலில் 20ஐ ஒட்டியும் இருக்கும் என்பதால் நீங்கள் ஊட்டிக்குப் போடும் ஸ்வெட்டர் போதும்.

விசா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தியர்களுக்கு ஜப்பான் வழங்கும் மின்விசா சுற்றுலாவுக்கானது. நீங்கள் போவது இயந்திரம் பார்க்கவும் நிறுவனத்தாரைச் சந்திக்கவும் என்பதால், அதை மறைக்காமல் குறுகிய கால வணிகப் பயணமாகவே விண்ணப்பியுங்கள். அழைப்புக் கடிதத்துக்கும் மேலே சொன்ன இந்தியக் கிளையைத்தான் அணுக வேண்டும். தமிழ்நாட்டு விண்ணப்பங்களைச் சென்னையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகம் பரிசீலிக்கிறது. வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை, நாள்வாரிப் பயணத் திட்டம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒருமுறை நுழையும் விசா வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்பதால் மிக முன்னதாகவும் வாங்கிவிடக் கூடாது. ஆகஸ்ட் கடைசியில் விண்ணப்பிப்பது பொருத்தமாக இருக்கும். விமானத்துக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியதில்லை; கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, அங்கிருந்து டோக்கியோ ஏழு மணி நேரம். இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இவை அனைத்துக்கும் முன்பு, இன்று மாலையே உங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். வழியில் சிங்கப்பூர் இருப்பதால் திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கங்கள் இரண்டாவது இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் இந்த வாரமே கோவை பாஸ்போர்ட் சேவை மையத்தில் புதுப்பிக்க நேரம் வாங்கிவிட்டு, புது எண் கையில் வந்த பிறகே டிக்கெட் பதிவு செய்யுங்கள்.